பதுளை வழியாகச் சர்வகலாசாலைக்கு

மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையை வாங்கத்தான் நான் கடல் தாண்டினேன்.

திருச்சியில் இன்டர்மீடியட் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். தேறுவேனா என்பதில் பரீட்சை அதிகாரிகளுக்குச் சந்தேகம் இருந்திருக்கலாம், எனக்கு இல்லை. மேலே பொருளாதார சாஸ்திரம் படிப்பது என்று தீர்மானித்திருந்தேன். எங்கே என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. அப்பா சென்னை என்றார். நான் லண்டன் என்றேன். லண்டனில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோது லண்டன் என்றே மறுபடி சொன்னேன். பேர் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. எங்கே படித்தாலும் படிக்கவைக்கப் போகிறவர் அம்மாவின் அண்ணன் வைத்தியலிங்கம் மாமா. கொழும்புக்கு அப்பால் மலைநாட்டில், பதுளையில் அவருக்கு அரிசி, பருப்பு, மளிகை வியாபாரம். ஆகவே அவர் கை காட்டும் ஊருக்குத்தான் நான் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

ரயில் அப்போது பதுளையை எட்டியிருக்கவில்லை. பண்டாரவளையில் இறங்கி மோட்டார் பஸ் ஏறினேன். பஸ் என்று அதைச் சொன்னது அதன் சொந்தக்காரர் மட்டும்தான். மேலே தகரம், பக்கவாட்டில் கித்தான், உள்ளே மனிதர்களும் கருவாட்டுக் கூடைகளும். எல்லவைத் தாண்டியதும் புது ரயில் பாதைக்காக மலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிப் போட்ட மண் மழையில் கரைந்து ரோட்டில் வந்து படுத்திருந்தது. பின் சக்கரங்கள் இரண்டும் அதில் இறங்கின. டிரைவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: மலைக்கு இந்த ரயிலைக் கண்டால் ஆகாதாம், அந்தக் கோபத்தைத் தன் பஸ்மேல் காட்டுகிறதாம்.

மொழிபெயர்த்தவர் உதுமான் ராவுத்தர். பண்டாரவளையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் மதுரைப் பக்கம். எல்லாரும் இறங்கித் தள்ளினோம். பஸ் அசைவதாக இல்லை. எருமைகள் கொண்டுவர ஆள் போயிற்று. நாங்கள் ரோட்டோரக் கீற்றுக் கடையில் ஒதுங்கினோம். பால் இல்லாத தேத்தண்ணீரும் உள்ளங்கையில் கித்துள் என்கிற கூந்தல்பனையின் கருப்பட்டித் துண்டு ஒன்றும் கொடுத்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீரை உறிஞ்ச வேண்டும். நான் வழக்கம்போல அதைப் போட்டுக் கலக்கக் கரண்டி வரும் என்று காத்திருந்து கையெல்லாம் பிசுபிசுப்பாக்கிக்கொண்டேன். கணுக்காலில் ஓர் அட்டை வேறு. காப்பிக்காகக் காடு வெட்டிய மலை என்று பூகோளத்தில் படித்திருந்தேன். ஒரு வாய் காப்பிக்கு அங்கே வழியில்லை.

என்ன படிப்பு என்று ராவுத்தர் விசாரித்தார். விலைவாசி ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைப் பற்றிய சாஸ்திரம் என்றேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அப்ப, ஏறுமா எறங்குமான்னு முன்கூட்டியே சொல்லிருவீங்களா தம்பி?"

நனைந்திருந்தேன், பசித்திருந்தேன், பஸ்ஸின் மேல் கோபமாக இருந்தேன். அந்த நிலையில் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. சொல்லலாம் என்றேன். மிளகாய்க்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ரயிலில் வரும்போது பரமக்குடிப் பக்கம் கோடை மழையில் களத்து மிளகாயெல்லாம் ஊறி, ஜனங்கள் தலையில் கை வைத்து நின்றதைப் பார்த்திருந்தேன். கண்ணிருக்கிற எவனும் சொல்லக்கூடியதுதான். ஆனால் நான் கொஞ்சம் வானத்தைப் பார்த்துவிட்டு, விரலால் ஏதோ கணக்குப் போடுவதுபோலப் போட்டு, "ஏறும்" என்றேன். ராவுத்தர் பதுளைக்கு வரவில்லை. எதிரே வந்த மாட்டு வண்டியில் ஏறி அப்படியே பண்டாரவளைக்குத் திரும்பிவிட்டார்.

பதுளையில் மாமா என்னைக் கட்டிக்கொண்டார். அத்தை இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். எங்கள் வீட்டில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும். இங்கே கண்ணில் நீர் வரும் உறைப்பு. குளிருக்கு அதுதான் சரி என்று மூன்றாவது வாயிலேயே ஒத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்ததும் சர்வகலாசாலைப் பேச்சை எடுத்தேன். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பாப்போம்" என்றார்.

மறுநாளும் பார்ப்போம் என்றார். அதற்கடுத்த நாள், பார்க்கலாம் என்றார். கொஞ்சம் முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன். வியாபாரிகளிடம் ஒரு குணம்: இல்லை என்ற சொல்லை அவர்கள் கடையில் வைத்துக்கொள்வதே கிடையாது. கடன் கேட்டு வருகிறவனுக்கும் பார்ப்போம்தான், நன்கொடைக்கு வருகிறவனுக்கும் பார்ப்போம்தான். நான் இந்த வரிசையில் எந்த இடம் என்று தெரியாமல் தவித்தேன். காலையில் கதிர்வேலர் கோயில்வரை நடப்பேன், கடைத்தெருவைச் சுற்றுவேன், மழை பிடித்துக்கொள்ளும், ஓடி வருவேன், மாமாவின் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி வெளியே போவேன். லண்டனுக்கு இடம் கேட்டு எழுதக் காலம் கடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பெஞ்சு கிறீச்சிடுகிறது, காலை நிறுத்து என்று அத்தை ஒருநாள் சொல்லியே விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ராவுத்தர் என்னை விசாரித்துக்கொண்டு மாமாவின் கடை வாசலில் வந்து இறங்கினார். கொழும்பில் மிளகாய் விலை ஏறிவிட்டது. அவர் அதற்கு முன்பே பண்டாரவளையில் இருந்ததையெல்லாம் வாங்கி அடுக்கியிருந்தார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். நான் வானத்தைப் பார்த்ததையும் விரல் விட்டு எண்ணியதையும் நடித்தே காட்டினார். நான் பரமக்குடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து என் நிலைமை மாறிவிட்டது. வெங்காயம், கொத்தமல்லி, மண்ணெண்ணெய் என்று ஆளாளுக்குக் கேட்க வந்தார்கள். ஒருவர் தம் பெண்ணின் ஜாதகத்தையே கொண்டுவந்தார். அது வேறு சாஸ்திரம் என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மாமா என்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. இப்போது எந்த ஊர் என்பதுதான் பேச்சு.

மாமாவுக்குக் கொழும்புதான் என்றிருந்தது. அங்கே புதிதாக ஒரு கல்லூரி திறந்திருக்கிறார்களாம். அங்கேயே உட்கார்ந்து லண்டன் பரீட்சையை எழுதலாமாம். ரயில் பாதை முடிந்துவிட்டால் நான் லீவுக்கெல்லாம் வந்து விலை சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அவர் கணக்கு. ராவுத்தர் அதை ஏற்கவில்லை. தேயிலை ஏலம் எங்கே நடக்கிறது, லண்டனில். பிள்ளையை ஏலம் நடக்கிற ஊரில் வைத்தால் வாரம் ஒரு தந்தி வரும், அதைப் பார்த்துத் தோட்டக் கடைகளுக்குச் சரக்குப் போடலாம், பாதிச் செலவு என்னுடையது என்றார். அப்பாவுக்காகச் சென்னையைப் பற்றி நானாகவே கேட்டுவைத்தேன். இருவரும் ஒரே குரலில், சென்னையில் என்ன ஏலம் நடக்கிறது என்றார்கள்.

ஒரு மனிதன் கல்வி கற்கும் ஊரை இப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் லண்டன் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டதே; சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நான் சும்மா இருந்தால் போதும். இன்னும் ஒருமுறை வானத்தைப் பார்த்தால் கப்பல் ஏறிவிடலாம்.

அந்த இன்னொரு முறை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் வந்தது. அங்கே ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் பெரிய கங்காணி மாரிமுத்து, மாமாவுக்கு வேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்தார். என்னையும் கூட்டிவரச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். ராவுத்தரும் சேர்ந்துகொண்டார். ஒற்றை மாட்டு வண்டியில் ஏறினோம். மேடு வந்ததும் மாடு நின்றுவிட்டது. மாமா பருமனான மனிதர். மாடு திரும்பி அவரைத்தான் பார்த்தது என்று ராவுத்தர் சத்தியம் செய்தார். பாதித் தூரம் நடந்தோம். இருபுறமும் கத்தரித்து விட்ட தலைமயிர் மாதிரி ஒரே மட்டத்தில் தேயிலை. திருச்சியில் இத்தனை பச்சையை ஒரே இடத்தில் பார்த்தால் குளமென்று நினைத்து இறங்கிவிடுவோம்.

கங்காணி வீட்டில் கோழிக் குழம்பும் பூசணிக்காய்க் கூட்டும். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். கை கழுவி உட்கார்ந்ததும் கங்காணி விஷயத்துக்கு வந்தார். போன வருஷம் தேயிலை விலை விழுந்ததிலிருந்து தோட்டத்தில் கொழுந்து பறிப்பதைக் குறைத்துவிட்டார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இப்போது நிலைமை தேறும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. ஊருக்குப் போய்ப் புதிய ஆட்களைக் கூட்டிவா என்று தோட்டத்துத் துரை சொல்கிறார். போகலாமா, வேண்டாமா? கூட்டிவந்த பிறகு விலை ஏறாவிட்டால் அத்தனை குடும்பமும் லயத்து வரிசை அறைகளில் பட்டினி கிடக்கும். போகாமல் இருந்து விலை ஏறிவிட்டால் வேறு கங்காணி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான். "தேயிலை ஏறுங்களா, எறங்குங்களா?" என்று கேட்டார்.

மாமா என் முழங்காலில் மெல்லத் தட்டினார். ராவுத்தர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஏறும் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வார்த்தை நாக்கு நுனியில்தான் இருந்தது. அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண் உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். நாற்பது வயதிருக்கும், தலையில் கம்பளித் துண்டு, கை விரல்களில் கொழுந்துக் கறை. கங்காணி அவளை அதட்டப் பார்த்தார். அவள் நகரவில்லை. செல்லாயி என்று பேர். கங்காணி போனால் கூட்டிவரப்போகிற முதல் குடும்பம் அவள் தங்கச்சியுடையது. மணப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறார்களாம்.

"ஐயா, எங்க தங்கச்சிக்கு ரெண்டு கைப்பிள்ளைங்க. நீங்க வரச் சொன்னா வரச் சொல்றேன். வேணாம்னா விட்டுர்றேன். நீங்க சொல்றதுதான்" என்றாள்.

மிளகாய்க்குக் கைப்பிள்ளைகள் கிடையாது. அந்த அறையில் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் என் கண்ணெதிரே நின்றது என்று சொன்னால் மிகையில்லை. அதன் தெருவில் நான் கோட்டுப் போட்டு நடப்பதைக்கூடப் பார்த்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

வானத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் ராவுத்தர். அன்றைக்குப் பரமக்குடியைப் பார்த்துத்தான் சொன்னேன், தேயிலையைப் பற்றி நான் எதையும் பார்க்கவில்லை, படித்த புத்தகத்திலும் அது இல்லை என்றேன். மிளகாய்க் கதையை முழுதாகச் சொன்னேன். கங்காணி எழுந்துபோய் வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்தார். செல்லாயி எப்போது போனாள் என்று நான் கவனிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மாடு எங்கேயும் நிற்கவில்லை. நின்றிருந்தாலாவது ஏதாவது பேச்சு வந்திருக்கும். ராவுத்தர் பதுளையில் இறங்கி, பாதிச் செலவைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம் என்று மாமாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, என்னிடமும் சலாம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. என் மேல்தான் அடங்காத எரிச்சல். நல்லது செய்தோம் என்ற நிம்மதியாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை யாரோ உள்ளே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் மாமா என்னிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார். நான் பெட்டியைக் கட்டினேன். அவிழ்த்தேன். மறுபடி கட்டினேன். புறப்படும் காலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு அவரே கூட வந்தார். தானாகவே ஆரம்பித்தார்.

"மாப்ளே, அன்னிக்கு நீ வாய்க்கு வந்ததச் சொல்லியிருந்தேன்னு வச்சுக்க, உன்னைக் கடையிலயே உக்கார வச்சிருப்பேன். அந்த வித்தைக்கு இங்க ஒரு கல்லா போதும். தெரியாதுங்கிறவன்தான் எங்கயாச்சும் போய்ப் படிக்கணும். ராவுத்தர் போனாப் போறார். கொழும்போ, லண்டனோ, பட்டணமோ, நீயே முடிவு பண்ணித் தந்தி அடி."

என் காதையே நம்ப முடியவில்லை. லண்டன் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். பஸ் ஹாரன் அடித்தது. அதே நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லாயி வந்தாள். விடியலில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அன்று வேலை இல்லையென்று பெரட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நான் புறப்படுவது காதில் விழுந்து நேரே மலையிறங்கி வந்துவிட்டாள். கங்காணி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றாள். படித்தவரே தெரியாது என்றதும் அவருக்குப் பயம் வந்துவிட்டதாம். போகாமலே இருந்துவிடுவார்போல் இருக்கிறதாம்.

இது என்ன கொடுமை என்று நினைத்தேன். ஏறும் என்று சொன்னால்தான் வினை என்று நினைத்திருந்தேன். தெரியாது என்று சொன்னதுகூட ஒரு வாக்காகிவிட்டது.

செல்லாயி கேட்டது வேறு. "நீங்க திருச்சிக்குத்தானே போறீங்க. மணப்பாறை பக்கந்தான். ஒரு எட்டுப் போயி, இங்க பாத்தத அவுககிட்டச் சொல்லிருங்க ஐயா. நல்லதும் சொல்லுங்க, கெட்டதும் சொல்லுங்க. வர்றதும் வராததும் அவுக பாடு." ஊர்ப் பேரையும் தங்கை புருஷன் பேரையும் என்னைத் திருப்பிச் சொல்லவைத்தாள். பஸ் நகரும்போதும் இன்னொரு தடவை சொல்லவைத்தாள்.

திருச்சியில் அம்மாவின் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மணப்பாறைக்கு ரயிலேறினேன். அங்கிருந்து நடை. பிறகு சொன்னால் போச்சு என்று தட்டிக்கழிக்க எவ்வளவோ காரணம் இருந்தது. ஆனால் உட்கார முடியவில்லை. இரண்டு வாரம் பச்சையைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் செம்மண் வெளி கூசியது. கிணறுகளில் தண்ணீர் இல்லை. ஏற்றக் கால்கள் சும்மா நின்றன. செல்லாயியின் தங்கை பெரியக்காள், அவள் புருஷன் வீரன், இரண்டு குழந்தைகள். தங்கை அக்காளைப்போலவே இருந்தாள், பத்து வயது இளையவள், ஆனால் பார்த்தால் மூத்தவள்.

தேயிலை விலை பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பார்த்ததைச் சொன்னேன். லயத்தில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் என்பதுகூடக் கிடையாது, சில இடத்தில் இரண்டு. குளிர். அட்டை. மழையிலும் கூடையை இறக்க முடியாது. அக்காள் சுகமாக இருக்கிறாள், பேச்சில் தைரியம் இருக்கிறது. குறையைத்தான் அழுத்திச் சொன்னேன், பின்னால் பழி வரக் கூடாதே. கடைசியாக, தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றேன். அதைக் கேட்டதும் முகம் வாடிவிடும் என்று எதிர்பார்த்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

வீரன் விரல்களில் மூன்றை மடித்துப் பார்த்தான். பிறகு நிதானமாகக் கேட்டான்.

"வாராவாரம் மூணு நாளுங்களா?"

ஆமாம் என்றேன். நிமிர்ந்து பார்த்தபோது பெரியக்காள் அங்கே இல்லை. உள்ளே சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. எனக்குச் சோறு வைக்கத்தான் உருட்டுகிறாள், வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். அவள் இருந்த ஒரே மாற்றுச் சேலையை விரித்து அதில் பானைகளை வைத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கங்காணி வரட்டும், வராமல் போகட்டும், கடல் தாண்டப் போகிறவர்களைச் சேர்க்கும் மண்டபம் முகாம்வரை நடந்துபோய் யாரோடாவது சேர்ந்துகொள்ளலாம் என்று புருஷனிடம் சொன்னாள். குரலில் சந்தோஷம் இருந்தது.

பதுளையில் நாங்கள் எல்லாரும் லண்டன் ஏலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏறினாலும் இறங்கினாலும் இந்த மூட்டை கட்டப்பட்டிருக்கும். அது ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் லண்டனில் இருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மணப்பாறைத் தபாலாபீசில் மாமாவுக்குத் தந்தி எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு வார்த்தைதானா என்று குமாஸ்தா கேட்டார். ஆமாம், சென்னை என்றேன்.